தாத்தாவின் மாத்திரையை நசுக்கலாமா?

பெரிய மாத்திரையைப் பார்த்தாலே சில பெரியவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தேனில் குழைத்தோ வாழைப்பழத்துக்குள் வைத்தோ கொடுத்துவிடுவார்கள். சாதாரண மாத்திரைகள் பலவற்றுக்கு இதனால் பெரிய பாதகமில்லை. ஆனால், மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று ஏதாவது எழுத்துகள் இருந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை அது. நாள் முழுவதற்குமான மருந்து சில நேரம் அந்த ஒரே மாத்திரைக்குள் இருக்கும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். பலர் வீட்டிலும் இருக்கும்.

எப்படி மெதுவாக வருகிறது? சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் வழவழவென்று ஒரு படலம் உருவாகுமல்லவா? கிட்டத்தட்ட அதுதான். மருந்துப் பொடியோடு, மர நார்ச்சத்திலிருந்து தயாரித்த ஒரு பாலிமரைக் கலந்து இறுக்குகிறார்கள். வயிற்றில் ஈரம் பட்டதும் வெளிப்பக்கம் கூழாகிவிடும். மருந்து அந்தக் கூழைக் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

இன்னொரு வகையில் பாலிமர் கரையவே கரையாது. மேலே இருக்கும் மருந்துத் துகள் கரைந்து போனதும் அந்த இடம் துளையாகிறது. அந்தத் துளை வழியே தண்ணீர் இன்னும் உள்ளே போய் அடுத்த துகளைக் கரைக்கிறது. வளைந்து வளைந்து போகும் சந்துகள் நிறைந்த பழைய ஊர் மாதிரி! உள்ளே இருப்பவர் மெயின் ரோட்டுக்கு வர நேரம் பிடிக்கும்.

புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை இப்படி மெதுவாக வெளிவிட முடியாது என்றுதான் ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். முடியும் என்று 1976-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மேனும். ஒருவர் வேதிப் பொறியாளர், மற்றவர் அறுவை சிகிச்சை நிபுணர். (அதே லாங்கர்தான் பின்னாளில் கொரோனா தடுப்பூசி தயாரித்த மாடர்னாவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.)

மாத்திரையை நசுக்கும்போது நாம் உடைப்பது இந்தச் சந்துகளைத்தான். நாள் முழுக்க வர வேண்டிய மருந்து கொஞ்ச நேரத்தில் மொத்தமாக ரத்தத்தில் கலந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் இப்படிக் கலந்தால் அழுத்தம் சட்டென்று சரியும். வயதானவர் என்றால் தலைசுற்றி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பிறகு, ராத்திரி மருந்தே இருக்காது!

மதுவும் சில மருந்துகளில் இதே வேலையைச் செய்யும். பல்லாடோன் என்ற வலிநிவாரணி கேப்சூல் 2005-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். மது சேர்ந்தால் மருந்து ஒரேயடியாக வெளியேறும் அபாயம் இருந்தது.

சரி, பாதியாக உடைக்கலாமா? மருந்தைப் பொறுத்தது. மெட்டோப்ரோலால் இ.ஆர். மாத்திரைகள் சிலவற்றில் நடுவே கோடு இருக்கும். அவற்றைக் கோட்டில் உடைக்கலாம், நசுக்கவோ மெல்லவோ கூடாது. கோடு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் உடைத்துவிடாமல், மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிலர் பதறிப்போய்ச் சொல்லும் இன்னொரு விஷயம்: “மலத்தில் மாத்திரை அப்படியே வந்துவிட்டது!” பெரும்பாலும் அது வெறும் கூடுதான். மருந்து ஏற்கெனவே உடம்பில் சேர்ந்திருக்கும். வீணாகிவிட்டதே என்று இன்னொன்று போட்டுவிடாதீர்கள். அடிக்கடி அப்படி வந்தாலோ, சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுத்த படுக்கையாக, மூக்கில் குழாய் வைத்து உணவு கொடுக்கப்படும் நோயாளிகளின் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். குழாயில் செலுத்துவதற்காக எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்துக் கரைப்பது பல வீடுகளில் நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வரும்போதே மாத்திரைகளை டாக்டரிடம் காட்டி, எதைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே மருந்தைச் சிரப்பாகவோ, இரண்டு மூன்று வேளைக்கான சாதாரண மாத்திரையாகவோ அவரால் மாற்றித் தர முடியலாம். அளவும் நேரமும் மாறும் என்பதால், நீங்களே மாற்றிவிட வேண்டாம்.