காலி நாற்காலி தானாகக் காலியாவதில்லை

தோழர்களே, உள்ளாட்சி இடைத்தேர்தல் என்றால் செய்தித்தாளில் நாலு வரி வரும். உறுப்பினர் இறந்துவிட்டார் அல்லது விலகிவிட்டார், வார்டு காலி, இன்ன தேதியில் வாக்குப்பதிவு. கட்சிக்காரர்களைத் தவிர யாரும் நின்று படிப்பதில்லை. நாம் நின்று படிக்க வேண்டும். நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் எப்படிப் பறிபோயின என்ற வரலாறு, இந்த மாநிலத்தில் பெரும்பாலும் இடைத்தேர்தல் அறிவிப்புகளில்தான் கிடக்கிறது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே பாப்பாபட்டி, கீரிப்பட்டி. அதே மதுரை மாவட்டத்தில் நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் யாரும் நிலையாக உட்கார முடியவில்லை. வேட்புமனு வராது. வந்தால் திரும்பப் பெற வைப்பார்கள். சில சமயம் ஆதிக்கச் சாதியினரே தங்கள் சொல்படி நடக்கும் ஒருவரை நிறுத்தி வெல்ல வைத்து, வென்ற கையோடு விலகல் கடிதமும் வாங்கிவிடுவார்கள். மறுபடி காலியிடம், மறுபடி அறிவிப்பு. காகிதத்தில் பார்த்தால் சட்டம் எங்கும் மீறப்படவில்லை. தேர்தல் நடந்துகொண்டே இருந்தது, தலைவர்தான் இல்லை.

தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் ஓயாமல் போராடிய பின், 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அரசு மனது வைத்ததும் நடந்துவிட்டது என்றால், முந்தைய பத்தாண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மேலவளவில் விலகல் கடிதம் எழுத மறுத்தவருக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். வேட்புமனு வாபஸ், வாக்குச்சாவடி சூறை, மறுதேர்தல் என எல்லாத் தடைகளையும் தாண்டித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துத் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது.

இவை பழைய கதைகள் என்று சொல்வார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். 2021-இல் ஆம்பூர் அருகே நாயக்கனேரியில், போட்டியின்றித் தேர்வான தலித் பெண் பதவியேற்க முடியாமல் வழக்கு குறுக்கே நின்றது. நாற்காலியைக் காலியாக்க விலகல் கடிதம் மட்டுமே வழியல்ல. உட்கார விடாமல் செய்தாலும் அது காலிதான்.

ஏன் இப்படி? தனி இடம் நமக்கு, ஆனால் அதை நிரப்பும் வாக்கு எல்லோருக்கும். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் இரட்டை வாக்குரிமையை இழந்ததன் விலையை இன்றும் வார்டு வார்டாகக் கொடுத்துவருகிறோம். நாம் சிறுபான்மையாக இருக்கும் ஊரில், நம் பிரதிநிதி யார் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. அதற்கு ‘ஊர் ஒற்றுமை’ என்று பெயர். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தால் செலவும் சண்டையும் மிச்சம்தானே என்று நம் இளைஞர்களில் சிலரே கேட்கிறார்கள். சேரிக்காரர் உட்கார்ந்து பேச இடமில்லாத கூட்டத்தில் எடுத்த முடிவு எப்படி ஒருமனதாகும்?

ஒரு வார்டுதான் காலியாகும் என்றும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை இருந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். அப்போது தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243ஈ பிரிவு. சாலையும் தண்ணீரும் கேட்க ஆளில்லாத நாட்களில் முதலில் நிற்பது சேரிக்குப் போகும் குழாய்தான்.

ராசிங்காபுரம், போடிப் பக்கத்துத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொதுத்தேர்தல் என்றால் ஊரே நிற்கும். ஒரு வார்டு இடைத்தேர்தலுக்கு எந்தத் தோட்டமும் நிற்காது. ஜீப் கிளம்பிய பிறகுதான் வாக்குச்சாவடி திறக்கும். ஒரு நாள் கூலியா, ஒரு வாக்கா என்று அந்தத் தாயை நிறுத்துவது நியாயமில்லை. வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே கங்காணியிடமும் ஜீப் ஓட்டுநரிடமும் பேசி, வாக்களித்துவிட்டுத் தாமதமாகப் போக ஏற்பாடு செய்வது நம் வேலை.

மற்ற வேலைகளும் எளியவைதான். உங்கள் ஒன்றியத்திலும் நகராட்சியிலும் எந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது, எப்போது, ஏன் காலியானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனுத் தாக்கலுக்குப் போகும் நம் வேட்பாளரோடு நாலு பேர் போங்கள். வைப்புத் தொகை நமக்குப் பாதி என்பதை அவருக்குச் சொல்லுங்கள். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் அவரைத் தனியே விடாதீர்கள். போட்டியிடக் கூடாது என்று மிரட்டுவதும், மனுவைத் திரும்பப் பெற வைப்பதும், தேர்வானவரைப் பணி செய்ய விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றங்கள். பிரிவு 3(1)-இல் எல், எம் உட்பிரிவுகளைப் பிரதி எடுத்துப் பையில் வையுங்கள். காவல் நிலையத்தில் அவை பயன்படும்.

வெற்றி விழாவோடு வீட்டுக்குப் போய்விடவும் வேண்டாம். முதல் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்களா, ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விட்டார்களா, காசோலையில் கையெழுத்து அவருடையதுதானா என்று போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.