ஓலை குளிர்ச்சிதான், தீ வைத்தது யார்?

போன கோடையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் நடந்த பயிலரங்குக்குப் போயிருந்தேன். வெயிலைத் தாங்கும் மலிவு விலை வீடுகளுக்காக அரசு நடத்தும் போட்டிகளில் மாணவர்கள் எப்படிப் பங்கேற்பது என்று சொல்லித்தரும் ஒருநாள் நிகழ்ச்சி. ஏசி போட்ட அரங்கம் (இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை). திரையில் முதலில் செட்டிநாட்டு முற்றம் வந்தது. அடுத்து அக்கிரகாரத்துத் திண்ணை. அதற்கடுத்து ஒரு பனையோலைக் குடிசை. “இந்த வீட்டுக்கு ஃபேனே வேண்டாம். நம் முன்னோர்களின் அறிவு இது. ஆனால் இந்த மக்களிடம் கேட்டுப் பாருங்கள், கான்கிரீட்தான் வேண்டும் என்பார்கள். எல்லாம் கௌரவப் பிரச்சினை” என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது.

நான் எழுந்து, “இந்தக் குடிசை எங்கே எடுத்த படம் சார்?” என்று கேட்டேன். கடலூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம் என்றார். “ஊர்ல எடுத்ததா, காலனியில எடுத்ததா?” என்றேன். “அது சோசியாலஜி கேள்விம்மா. இது டிசைன்” என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டுக்கொள்ளாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆயாவின் குடிசை இரண்டு முறை எரிந்தது. முதல் முறை அடுப்பிலிருந்து பறந்த பொறி. இரண்டாம் முறை அடுப்பே மூட்டவில்லை. ஊர்த் தெருப் பையன்களோடு திருவிழாவில் தகராறு நடந்த மறுநாள் ராத்திரி அது. குடிசைக்குள் நெல் மூட்டை ஒன்றும், அம்மாவின் பள்ளிச் சான்றிதழும் இருந்தன. அதற்குப் பிறகு ஆயா செத்துப்போகும் வரை கேட்ட ஒரே பொருள் ‘காரை வூடு’. அவருக்கு அது கௌரவம் இல்லை. அது பற்றிக்கொள்ளாது, அவ்வளவுதான்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். அந்தக் கூரையும் வெயிலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்திச் சூறையாடப்பட்டன. அங்கே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்த காசில் எழுப்பிய கான்கிரீட் வீடுகளும் இருந்தன. உள்ளே இருந்த பீரோவும் துணியும் பத்திரங்களும் சாம்பலாயின. கான்கிரீட் நம்மை முழுவதுமாகக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் சேரிக்காரர்கள் கூரையைத் தேர்ந்தெடுக்கும்போது சூரியனை மட்டும் கணக்கில் எடுக்க முடியாது என்கிறேன். தீயை ஆயுதமாக வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் ஓலையின் குளிர்ச்சியை மட்டும் புகழ்வதற்கு ஒரு மனது வேண்டும். அந்த மனது ஓலைக்குக் கீழே படுத்ததில்லை.

திண்ணைக்கும் முற்றத்துக்கும் இதே கதைதான். அவை வெப்பத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதும் அந்த வீட்டு வரைபடத்தில் இருந்ததுதான். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களை அண்ணல் அம்பேத்கர் முகத்துக்கு நேராக மறுத்தார். முக்கால் நூற்றாண்டு கழித்து அதே போற்றிப் பாடல் ‘மரபுக் கட்டடக்கலை’ என்ற பெயரில் பவர்பாயிண்டில் ஓடுகிறது.

இனி போட்டிகளுக்கு வருவோம். மின்சாரமோ இயந்திரமோ இல்லாமல், வீடு பார்க்கும் திசை, சுவர், சன்னல், கூரை, நிழல் இவற்றைக் கொண்டே வெயிலை ஆளுகிற முறைக்கு ‘பாசிவ் சோலார்’ என்று பெயர். குளிர் நாடுகளில் வெயிலை வீட்டுக்குள் சேர்த்துவைக்க அது பயன்படுகிறது. நமக்கு வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2021 ஜூலையில் ‘நீர்மான்’ என்ற பெயரில் விருதுகளை அறிவித்தது. அந்தப் பெயரை விரித்தால் ‘மலிவான, இயற்கையான வாழிடம்’ என்ற சொற்கள் வருகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

அதே பணியகம் வீடுகளுக்கென்று ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை 2018இல் கொண்டுவந்தது. சுவரும் சன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், கூரை எவ்வளவு விடலாம் என்று அதில் உச்சவரம்பு உண்டு. நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கே பொருந்தும். 500 சதுர மீட்டர் என்றால் 12 சென்டுக்கு மேல். எங்கள் காலனியில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த பட்டா 3 சென்டு. அதையும் இப்போது மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அந்த விதி சொல்லும் கூரை வரம்பை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். அதாவது, அரசு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அரசின் விதிப்படியே தேறாது. ஆனால் அந்த விதி எங்களை எட்டிப் பார்ப்பதே இல்லை. பெரிய மனைகளில் எழும் அடுக்குமாடிகளுக்கு அது பொருந்துகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். பொருந்தட்டும். காலனிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதுதான் கேள்வி.

திசைக்கு வருவோம். நம் ஊர் வெயிலுக்கு வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும், குட்டையான பக்கங்கள் கிழக்கும் மேற்கும் இருக்க வேண்டும் என்று போட்டிக்கான முதல் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். காலனி மனையை அளந்த சர்வேயர் இந்தப் பாடத்தைப் படித்தவர் இல்லை. ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஏரிக்கரைச் சரிவிலோ சுடுகாட்டுப் பக்கத்திலோ ஒதுக்கிய துண்டு நிலத்தில், ரோடு எப்படிப் போகிறதோ அப்படியே சங்கிலி பிடித்து வரிசை போட்டுவிட்டுப் போனார். எங்கள் வரிசை முழுக்க மேற்கு பார்த்தது. சாயங்காலம் நாலு மணி வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காரும். பக்கத்துச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருச்சாய்ந்து நுழையலாம். அங்கே எந்தக் காற்று வரும்? போட்டித் தாளில் வரைகிற பையனுக்கு மனை வெள்ளைத் தாளாகக் கிடைக்கிறது. சாதி அந்தத் தாளை வெட்டிய பிறகுதான் நம் கைக்கு வருகிறது.

2011இல் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். சூரியன் அந்தத் திட்டத்துக்குள் எப்படி வந்தது தெரியுமா? ஐந்து சிஎஃப்எல் விளக்கு எரிக்க. எங்கள் காலனியில் கட்டிய பசுமை வீடுகளில் நான் பார்த்த எதிலும் மாடியில் தட்டோடு பதிக்கவில்லை. சோலார் பலகை சூரியனைப் பிடித்து ராத்திரி விளக்கு எரித்தது. அதே சூரியன் பகல் முழுக்கத் தளத்தைச் சுட்டதை யாரும் கணக்கு வைக்கவில்லை. கொஞ்ச நாளில் பேட்டரி போனது, சூடு போகவில்லை. சுவருக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள்.

தரைத்தள வீட்டுக்கு வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவே இறங்கும். சென்னையின் நேர் உச்சிக்குச் சூரியன் ஆண்டில் இரண்டு முறை வருகிறது: ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை. மே மாத நண்பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். பகலில் குடித்த சூட்டை அது ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்கும். என் ஆய்வுக்காக ராத்திரி பதினொரு மணிக்குப் பல வீடுகளில் கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்திருக்கிறேன். ஆப்பச் சட்டி மாதிரி இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாசலில் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். விடிந்தால் அவர்களில் பாதிப்பேர் சித்தாள் வேலைக்குப் போய் வேறொருவர் வீட்டுக்குத் தளம் போடக் கலவை சுமப்பார்கள்.

பெரும்பாக்கத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒன்றிய அரசு 2019இல் உலகளாவிய வீட்டுத் தொழில்நுட்பப் போட்டியை அறிவித்தது. மலிவாக, விரைவாக, சூழலுக்கு ஏற்றபடி கட்டும் முறைகளைத் தேடிய போட்டி. 54 தொழில்நுட்பங்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு நகரங்களில் மாதிரித் திட்டங்களைத் தொடங்கினார்கள். சென்னைக்குக் கிடைத்தது பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்தியவை. செலவு சுமார் 116 கோடி. 2022 மே 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார்.

அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்கள், அவர்களில் மிகப் பெரும்பகுதி தலித்துகள், சுமார் 20 ஆயிரம் வீடுகளில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். வேலை இருக்கும் நகர மையம் 20 கிலோமீட்டருக்கு அப்பால். இந்த மாதிரித் திட்டங்களை ‘உயிருள்ள ஆய்வகங்கள்’ என்று அமைச்சகம் அழைத்தது. பார்த்துப் படிக்கப் பதிவு செய்த மாணவர்களுக்கு ‘டெக்னோகிராகி’ என்று பட்டம். சத்தியாகிரகியின் தம்பி போலும்! இடம்பெயர்க்கப்பட்டவர்கள் மத்தியில் ஓர் ஆய்வகத்தை வைத்துவிட்டு, அவர்களை எதற்கு இங்கே கொண்டுவந்தோம் என்ற கேள்வியை மட்டும் ஆய்விலிருந்து கழித்துவிட்டார்கள். சுவரின் தடிமனைக் கணக்கிட நிபுணர் குழு இருந்தது. வேலைக்குப் போகும் பேருந்தில் கழியும் மூன்று மணிநேர வெயிலை எந்த நெடுவரிசையில் எழுதுவது?

நான் குளிர்ந்த வீட்டுக்கு எதிரி இல்லை தோழர்களே. அதற்கு ஏங்கி வளர்ந்தவள். லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானத்தில் சுவருக்குள் காற்று நிற்கிறது. செங்கல் மிச்சம், சூடும் குறைவு. தட்டோடு பதித்த மாடி, மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம், வாசலில் ஒரு வேம்பு. இதில் எதற்கும் உலகப் போட்டி தேவையில்லை. தேவைப்படுவது வேம்பு வைக்க இடம். கலைஞர் கனவு இல்லத்துக்கு இன்று 3.50 லட்சம் கொடுக்கிறார்கள், 360 சதுர அடி. அந்த மதிப்பீட்டில் கூரை வெப்பத்துக்கென்று கட்டாயமாக ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். 500 சதுர மீட்டர் என்ற வரம்பை எடுத்துவிட்டு, அரசு காசில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த விதி பொருந்தும் என்று சொல்லுங்கள். 1892இல் கொடுத்ததாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தில் ஆக்கிரமிக்கப்பட்டதை மீட்டுத் தாருங்கள். அதைக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலம் இருந்தால் எந்தத் திசையில் வாசல் வைப்பது என்று எங்கள் கொத்தனார்களுக்கே தெரியும்.

பயிலரங்கு முடிந்து ஊருக்குப் போனபோது, பரிசு பெற்ற வரைபடங்கள் சிலவற்றை அம்மாவிடம் போனில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. பரிசு குடுத்தவங்க யாராச்சும் இதுல ஒரு ராத்திரி படுத்துப் பாத்தாங்களாம்மா?” என்று கேட்டார். படம் மட்டும்தான் வரைவார்கள், கட்ட மாட்டார்கள் என்றேன். சிரித்தார். அந்த வாரம் தெருக்கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டு, இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி மாடிக்கு வெள்ளை அடித்தோம். சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அம்மா இன்னும் வாசலில்தான் படுக்கிறார்.