சிறு கார் வாங்கலாமா?

2025 செப்டம்பரில் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததுமுதல், சந்தாபுரா வாழ் தமிழன்பர் பலர் கார் வாங்கும் யோசனையில் இருக்கின்றனர். உதாரணமாக, மாருதி ஆல்டோ கே10 காரை நோக்குவோம். எஞ்சின் 998 சி.சி.; நீளம் மூன்றரை மீட்டர்; சந்துகளில் எளிதில் திரும்பும். ஓசூர் சாலை நெரிசலில் ஓயாது கிளச்சை மிதிக்க இயலாதோர், கியர் தானே மாறும் வகையை நாடலாம். ஆனால் டிக்கி 214 லிட்டரே. குடும்பத்துடன் ஊருக்குச் செல்லப் போதாது.

அன்றாட அலுவலுக்கோ, அண்டையிலுள்ள பொம்மசந்திராவிலிருந்து 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ஓடுகிறது. ஆகவே தவணையோடு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், நிறுத்துமிடம் யாவற்றையும் கூட்டிப் பார்ப்பீராக. ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகையில் கைவைக்காமல் இயலுமெனில் வாங்கலாம். இன்றேல் சற்றுப் பொறுப்பதே நலம் என்பது நமது கருத்து.