விறாந்தையில் தொங்கும் செடிகள்: புதிதாக வளர்ப்போர் எதைத் தெரிவு செய்யலாம்?

வயலிலும் தோட்டத்திலும் பாடுபடுவோருக்குத் தொங்கும் அலங்காரச் செடி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் காரைதீவிலும் அயலிலுள்ள சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் வளவுகள் சிறுத்து வருகின்றன. பூங்கன்று நட நிலமில்லாத வீட்டாருக்கு விறாந்தைக் கூரையே எஞ்சியுள்ளது.

புதிதாகத் தொடங்குவோர் மணிபிளாண்ட் கொடியையே தெரிவு செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து. பசிபிக் சமுத்திரத்துத் தீவொன்றிலிருந்து வந்த இக்கொடி மங்கிய வெளிச்சத்திலும் வளரும். நீர் குறைந்தால் இலை தளர்ந்து அறிவிக்கும். ஊற்றியபின் மீண்டும் நிமிரும். கணுவுள்ள ஒரு துண்டே நடுவதற்குப் போதும். களவெடுத்த கொடிதான் செழிக்கும் என்பர். அயலவரிடம் கேட்டு வாங்கியதும் அவ்வாறே செழிக்கும். அதனாற் பணம் பெருகுமென்ற நம்பிக்கையும் உண்டு. ஐந்து இலைக்குப் பெருந்தொகை கேட்கும் வியாபாரிக்கு அது மெய்யே!

அடுத்ததாக, வெண்கோடிட்ட நீண்ட இலைகளையுடைய குளோரோபைட்டத்தைக் கூறலாம். அதன் தடித்த வேர்கள் நீரைச் சேமித்து வைக்கும். உவர்க் கிணற்று நீரால் இலைநுனி கருகுமாதலின் மழைநீர் சிறந்தது. பன்னமும் ஓர்க்கிட்டும் பின்னர் பார்க்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவற்றைக் காப்பது புதியவருக்குக் கடினம்.

நெற்செய்கையாளர் இங்கு தம் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உள்ளன. இலைவழி புகும் காற்று அவற்றினூடாக வேரை அடைவதால் தேங்கிய நீரிலும் நெல் வாழ்கின்றது. சட்டியில் வளரும் இக்கொடிக்கு அவ்வசதி இல்லை. மண்ணில் நீர் நின்றால் வேர் மூச்சின்றி அழுகும். விரலை ஓரங்குலம் மண்ணுட் செலுத்தி, ஈரமில்லாவிடின் மட்டும் நீரூற்றுக. சட்டியின் அடியில் துளைகள் அவசியம். நன்கு கழுவி உப்பகற்றிய தும்புத்தூள் ஒரு பங்கும், கூட்டெருவும் மணலும் சேர்ந்து ஒரு பங்குமாகக் கலந்தால் சட்டியின் பாரமும் குறையும்.

இக்கொடியைப் போத்தல் நீரில் வைத்து வளர்க்கும் வழக்கத்தை யாம் ஆதரிக்கவில்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். டெங்கு நுளம்பு விரும்புவது இத்தகைய சிறு நீர்த்தேக்கத்தையே. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். காய்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் உயிருடனிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். சட்டியின் கீழ்த் தட்டு வைப்போரும் இதனைச் செய்க. அழகுக்காக வைத்த போத்தலால் வீட்டிலொரு பிள்ளை காய்ச்சலிற் படுக்க வேண்டியதில்லை.

மணிபிளாண்ட் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேம்பைப் போலவே இதுவும் வாயையும் தொண்டையையும் அரிக்கும். குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுக. நீண்டு வளர்ந்த கொடியைக் கத்தரித்து வேலியோரம் வீசினால் அங்கேயே வேர்விட்டு மாமரத்தில் ஏறிவிடும். ஆதலின் வெட்டிய துண்டுகளை வெயிலில் நன்கு உலர்த்தியபின் கூட்டெருக் குழியில் இடுக.