இளம் புவியியலாளருக்குச் சிறு உதவித்தொகை வேண்டும்

ஆசிரியருக்கு,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கம் கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறியது, எத்தனை நாள் வடியாமல் நின்றது என்று எங்கள் மாத்தூர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அதைத் தெருத்தெருவாகக் கேட்டு வரைபடத்தில் ஏற்றுவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஆனால் முனைவர் பட்டம் முடித்து நிரந்தர வேலையில்லாத இளையவருக்கு அந்தச் சிறுதொகையும் எட்டாக்கனிதான்.

மதராஸ் புவியியல் சங்கமாக 1926-இல் பிறந்த இந்தியப் புவியியல் கழகத்துக்கு இது நூற்றாண்டுக் காலம். இந்நேரத்தில் கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் மாநில அரசும் சேர்ந்து, ஆண்டுதோறும் சிலருக்கேனும் ஐம்பதாயிரம் ரூபாய் களஆய்வு உதவித்தொகை அறிவிக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி, எங்கள் வார்டு அலுவலகத்திலும் வைக்கச் செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், மாத்தூர், சென்னை