சீட்டை வீசுகிறவரும் சீட்டுப் போடுகிறவளும்

சீட்டாட்டம் என்றதும் முகத்தைச் சுளித்துக் கொண்டு தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவி விடாதீர்கள், சகோதரிகளே! உங்களை ஆடச் சொல்லி நான் அழைக்கவில்லை. பணம் வைத்துச் சீட்டாடி வீடு கட்டினவர்களை விட, இருந்த வீட்டை விற்றவர்கள்தாம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் சொல்ல வந்தது ஆடுகிறவர்களைப் பற்றியே அல்ல. அதே மேஜையில் உட்கார்ந்து, தான் ஆடாமல், ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிழைக்கும் பெண்ணைப் பற்றி. டீலர் என்பது அவள் உத்தியோகத்தின் பெயர்.

அமெரிக்காவில் நெவாடா ராஜ்யத்தில் இருக்கிறது லாஸ் வேகாஸ் நகரம். 1931-ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யம் சூதாட்டத்துக்குச் சட்டத்தின் அனுமதி கொடுத்தது. 1970-லிருந்து அந்த நகரத்தில் வருஷந்தோறும் போக்கர் உலகப் போட்டி நடக்கிறது. 2003-இல் பிரதானப் போட்டிக்கு வந்தவர்கள் 839 பேர். 2023-இல் 10,043 பேர்! மேஜைக்கு ஒன்பது பேர் என்றால் எத்தனை மேஜை, எத்தனை டீலர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். டீலர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. நாம் ஒரு பெண்ணையே எடுத்துக் கொள்வோம்.

போக்கரில் ஒரு விசேஷம். மற்ற சூதாட்டங்களில் ஆட வந்தவர் தோற்றால் கிளப்புக்கு லாபம். போக்கரில் வந்தவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். கிளப் தன் பங்கை மட்டும் எடுத்துக் கொண்டு ஒதுங்கி நிற்கிறது. ஆகவே யார் ஜயித்தாலும் டீலருக்கு ஒன்றுமில்லை; யார் தோற்றாலும் ஒன்றுமில்லை. அவள் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பிக் குழப்புகிறாள். கட்டாகச் சேர்த்துக் கலைக்கிறாள், வெட்டுகிறாள், மேலிருந்து வரிசையாகப் போடுகிறாள். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச் சீட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மேல் சீட்டு ஒன்றைத் தள்ளி வைத்து விடுகிறாள். அதன் முதுகில் யாராவது நகக்குறி வைத்திருந்தால் பலிக்காமல் போகட்டும் என்றுதான்! இத்தனை கட்டுக்காவலில் அவள் விருப்பு வெறுப்புக்கு இடம் எங்கே?

ஆனால் தோற்ற மனிதருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? ஒரு கனவானிடம் இரண்டு ஆஸ் இருக்கிறது. எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் கைவசமுள்ள சில்லுகளை எல்லாம் நடுவில் தள்ளி விட்டார்கள். நூறு தடவை இப்படி நேர்ந்தால் சுமார் 82 தடவை ஆஸ் வைத்திருப்பவர் ஜயிப்பார். மிச்சமுள்ள தடவைகளில் ஒன்று இன்றைக்கு வந்து சேர்ந்தது. கடைசிப் பொதுச் சீட்டைத் திறந்தாள் அந்தப் பெண், மூன்றாவது ராஜா! அவ்வளவுதான். கனவான் கையிலிருந்த இரண்டு சீட்டும் பறந்து வந்து அவள் மார்பில் விழுந்தன. கூடவே அச்சில் போட முடியாத நாலு வார்த்தைகள்.

அவள் என்ன செய்ய வேண்டும்? திருப்பிப் பேசலாமா? கூடாது. மன்னிப்புக் கேட்கலாமா? அது அதை விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். "ஸாரி, ஸார்" என்று அவள் வாயில் வந்து விட்டால், ராஜாவைக் கொண்டு வந்தது அவள்தான் என்று அவளே ஒப்புக் கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? சிரித்து மழுப்புவதும் உதவாது. அவள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான். ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சீட்டுக் கட்டைக் கையை விட்டு இறக்காமல், இடத்தை விட்டு எழுந்திராமல், மற்றொரு கையை உயர்த்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். 'ப்ளோர்!' என்று உரக்கக் குரல் கொடுப்பது அங்கே வழக்கம். அவர் வந்ததும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். "மூன்றாவது நாற்காலிக்காரர் தம் சீட்டுகளை என் மேல் வீசினார், இன்ன வார்த்தை சொன்னார்." இவ்வளவு போதும். "இவர் காலையிலிருந்தே இப்படித்தான்," "குடித்திருக்கிறார் போலிருக்கிறது" என்று ஒரு சொல் சேர்த்தாலும் வழக்கு பலவீனப்பட்டுப் போகும். சாட்சி சொல்வது அவள் வேலை. தீர்ப்புச் சொல்ல வேறு ஆள் இருக்கிறார்.

இப்படி வெளிப்படையாகச் சீறுகிறவராவது தேவலை. புன்னகை மாறாமல் விஷமம் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பந்தயம் கட்டுவது போல் கையை முன்னே நீட்டுவார். எதிராளியின் முகம் எப்படிப் போகிறதென்று பார்த்துக் கொண்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக் கொள்வார். கேட்டால், "சும்மா கையை நீட்டினேன்!" இங்கே டீலர் கண்ணால் கண்ட கணக்கை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: எத்தனை சில்லு கோட்டைத் தாண்டியது, யார் பேச வேண்டிய முறை என்று. சந்தேகம் வந்தால் அங்கேயும் மேற்பார்வையாளர்தான். இன்னொருவர், தாம் ஜயித்தது நிச்சயம் என்று தெரிந்தும் சீட்டைத் திருப்பாமல், பெருமூச்சு விட்டு, தலையை ஆட்டி, எதிராளி பணத்தை எடுக்கக் கை நீட்டும் வரையில் காத்திருந்து பிறகு திருப்புவார். இது பெரும்பாலும் சட்ட விரோதமில்லை, வெறும் அற்பத்தனம். "சீட்டைக் காட்டுங்கள், ஸார்" என்று டீலர் சொல்லலாம், அதற்கு மேல் அவளால் முடியாது. அற்பத்தனத்துக்கெல்லாம் தண்டனை போடுவதென்றால் எந்த ஊரிலும் மண்டபம் போதாது!

டீலரே தவறு செய்து விடுவதும் உண்டு. மணிக்கு முப்பது ஆட்டம் போல நாள் முழுவதும் சீட்டுப் போடுகிற கை ஒரு தடவை தவறிச் சீட்டைத் திறந்து காட்டி விடாதா? அப்போதும் அவள் தானாக எதையும் சரிக்கட்டப் பார்க்காமல் மேற்பார்வையாளரை அழைப்பதே முறை. தவறு அவளுடையது என்பதற்காக ஏசுவதற்கு உரிமை பிறந்து விடாது.

சொல்வது சுலபம். செய்வதில் இருக்கிறது ஒரு முள். டீலரின் சம்பளம் சொற்பம். ஜயித்தவர்கள் மனமுவந்து தள்ளும் இனாம்தான் அவள் வருமானத்தில் பெரும் பகுதி. கையை உயர்த்தினால் இனாம் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். பெரிய ஆட்டக்காரரைப் பகைத்துக் கொண்டால் கிளப் தன்னைக் கைவிட்டு விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். அரை மணிக்கொரு மேஜையாக மாறிப் போகிற உத்தியோகம் அது. "இன்னும் பத்து நிமிஷம்தானே, பொறுத்துப் போவோம்" என்று பல்லைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்து விடுவாள். அவள் எழுந்து போன நாற்காலியில் அடுத்த பெண் வந்து உட்காருவாள், அதே வசவை வாங்கிக் கொள்ள.

கிளப் கைவிடுமோ என்கிற பயம் வீண் பயமா? 2008-ஆம் வருஷத்து உலகப் போட்டியில் நடந்ததைக் கேளுங்கள். பில் ஹெல்முத் என்பவர் 1989-இல், இருபத்து நாலாவது வயதில், பிரதானப் பட்டம் வென்ற சூரர். வாய்த்துடுக்கினால் 'போக்கர் உலகத்தின் அடங்காப் பிள்ளை' என்றும் பெயர் எடுத்தவர். அந்த வருஷம் எதிராளி ஒருவரை ஏசியதற்காக ஒரு சுற்று ஆட்டம் அவருக்கு இல்லை என்று தண்டனை விதித்தார்கள். மறுநாள் ஆட்டம் தொடங்குவதற்குள், போட்டிக்குக் கமிஷனராயிருந்த ஜெப்ரி பொல்லாக் அந்தத் தண்டனையை ரத்து செய்து விட்டார்! தண்டனை அதிகம் என்று அவருக்குப் பட்டிருக்கலாம். ஆனால் மண்டபத்திலிருந்த டீலர்கள் அதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார்கள்? தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேறு இந்தக் கோபதாபங்கள் கல்கண்டாக இனிக்கின்றன. ஒழுங்காக ஆடுகிற மனிதரைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?

இதை ஒரு சட்டதிட்டத்துக்குள் கொண்டு வர முயன்றவர்களில் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள் என்பதை அறிந்தால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். ஒருவர் லிண்டா ஜான்ஸன். தபால் இலாகாவில் வேலை பார்த்துவிட்டுப் போக்கருக்கு வந்தவர். 'கார்ட் பிளேயர்' பத்திரிகையை நடத்தியவர். 1997-இல் உலகப் போட்டியில் ஒரு பட்டமும் வென்றவர். இன்னொருவர் ஜான் பிஷர். ஜான் என்றதும் ஆண்பிள்ளை என்று நினைத்து விடாதீர்கள்! இவர்கள் மாட் ஸாவேஜ், டேவ் லாம்ப் என்ற இருவருடன் சேர்ந்து 2001-இல் போட்டி நடத்துநர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவரையில் ஊருக்கொரு விதி, மண்டபத்துக்கொரு நியாயம். சங்கம் வந்த பிறகு எச்சரிக்கை, சில ஆட்டங்கள் விலக்கு, சுற்றுக் கணக்கில் விலக்கு, கடைசியில் போட்டியை விட்டே வெளியேற்றம் என்று தண்டனைகள் எழுத்தில் வந்தன.

அதில் அந்த விலக்குத் தண்டனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. குற்றவாளி எழுந்து மேஜையை விட்டு அப்பால் போய்விட வேண்டும். அவர் இல்லாவிட்டாலும் அவர் நாற்காலிக்குச் சீட்டு விழுந்து கொண்டிருக்கும். கட்டாயப் பந்தயத்தை அவருடைய சில்லிலிருந்தே எடுப்பார்கள். சீட்டைத் தள்ளி விடுவார்கள். கனவான் எட்ட நின்று தம் சொத்து கரைவதைப் பார்த்துக் கொண்டிருக்கலாம்! வெளியேற்றப்பட்டாலோ சில்லு முழுவதும் ஆட்டத்திலிருந்து அகற்றப்படும். டீலர் ஒரு கடுஞ்சொல் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

மேற்பார்வையாளரை டீலர்தான் அழைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆடுகிற எவரும் அழைக்கலாம். சீட்டு வீசப்பட்டபோது சுற்றி இன்னும் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் ஒருவர் கையை உயர்த்தினால் அந்தப் பெண்ணுக்கு இனாம் பயமும் இல்லை, வேலை பயமும் இல்லை. அநேகமாக அந்த எட்டுப் பேரும் அந்தச் சமயத்தில் தங்கள் சில்லுகளை வெகு கவனமாக எண்ணிக் கொண்டிருப்பார்கள்.