திரையில் படம், மேடையில் இசை: தோட்டத்துக்கும் எட்டுமா?

யோங் பெங்: திரையில் படம் ஓடும், வசனம் ஒலிபெருக்கியில் வரும், பின்னணி இசையை மட்டும் மேடையில் இசைக்குழு வாசிக்கும். 2019 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ‘பாகுபலி’ முதல் பாகம் இப்படித்தான் காட்டப்பட்டது. மரகதமணியின் இசையை செக் நாட்டு இசைக்குழு வாசித்தது. கோலாலம்பூரில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் ஹாலிவுட் படங்களுக்கு வாசித்துள்ளது.

பழைய தமிழ்ப் படங்களுக்கு இது அரிதாக இருப்பதற்கு ரசிகர் பஞ்சம் காரணமல்ல. இசையை மட்டும் நீக்க, வசனமும் இசையும் தனித்தனி ஒலித்தடத்தில் இருக்க வேண்டும். இசைக்குறிப்புத் தாள்களும் வேண்டும். இரண்டும் கலந்த ஒரே தடம்தான் மிஞ்சியது என்றால் வேலையும் செலவும் பன்மடங்காகும். அதனால் தடங்களையும் தாள்களையும் காப்பதே முதல் தேவை.

தூரமும் ஒரு தடை. யோங் பெங்கிலிருந்து தலைநகர் 200 கிலோமீட்டருக்கு மேல். நுழைவுச்சீட்டோடு பயணச் செலவும் சேர்ந்தால் தோட்டக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஊமைப்படத்துக்கோ ஒலித்தடச் சிக்கலே இல்லை. பேசும் படம் வரும்முன் கொட்டகையில் ஆர்மோனியமும் தபேலாவும்தான் பின்னணி இசை. மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவிய 1929-ஆம் ஆண்டு ஊமைப்படம் ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’, 2007-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிதின் சாஹ்னியின் புதிய இசையோடு திறந்தவெளியில் காட்டப்பட்டது. அங்கே வாசித்தது பெரிய இசைக்குழு. இங்கே தமிழ்ப்பள்ளி மண்டபமும், ஆலயங்களில் வாசிக்கும் நம் இளைஞர் நான்கைந்து பேருமே தொடக்கத்துக்குப் போதும். வெள்ளைத் துணி கட்டித் திடலில் படம் பார்த்த சமூகத்துக்கு இது புதிதல்ல.